இரு மருத்துவச் சந்திப்புகளுக்கு இடையே
முன்னாள் படைவீரரும் நாட்பட்ட குடல் அழற்சி நோயும்

1956ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்க அதிபர் டுவைட் ஐசன்ஹோவர் நள்ளிரவில் கடும் வயிற்று வலியால் துயில் கலைந்தார். பொழுது விடிந்தும் வலி தணியவில்லை. அவரை வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். சிறுகுடலின் கடைப்பகுதி அடைபட்டிருந்தது. ஜூன் 9ஆம் நாள் விடியுமுன் மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை செய்து அவர் உயிரைக் காத்தனர்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாடுகளின் படைகளுக்குத் தலைமை தாங்கியவர் இவர். 1944இல் நார்மண்டிக் கரையில் பெரும்படையை இறக்கிய தளபதியும் இவரே. இவருக்கு வயிற்று வலி புதிதன்று. பல ஆண்டுகளாக வந்தும் போயும் இருந்தது. 1923இல் குடல்வாலை அகற்றிய பின்னரும் அது விட்டபாடில்லை. உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே பல முறை எண்ணப்பட்டது. 1956 மே மாதம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோதுதான் அது கிரோன் நோய் என்பது தெளிவாயிற்று. அதற்கடுத்த மாதமே அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது.

இந்த வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்த ஒருவருக்கே குடல் நோய் பல்லாண்டுகள் போக்குக் காட்டியது. அப்படியானால், மூன்று மாதத்திற்கு ஒருமுறை பேருந்து ஏறிச் சென்று மருத்துவரைக் காணும் ஒருவர், இடைப்பட்ட நாள்களில் தம் உடலைத் தாமே எவ்வளவு விழிப்புடன் கவனிக்க வேண்டும்! அதைக் கற்பதே இந்தப் பாடத்தின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

நாட்பட்ட குடல் அழற்சி நோய் இரு வகைப்படும். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் அழற்சி. இது மலக்குடலிலிருந்து தொடங்கிப் பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். மலத்துடன் இரத்தமும் சளியும் போகும். மற்றொன்று கிரோன் நோய். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் இதனைத் தனி நோயாக எடுத்துரைத்தனர். வாய் முதல் மலவாய் வரை எங்கும் இது தோன்றலாம். சிறுகுடலின் கடைப்பகுதியில் மிகுதியாகத் தோன்றும். குடற்சுவரின் முழு ஆழத்தையும் இது தாக்குவதால் குடல் சுருங்கி அடைபடுவதுண்டு.

இந்நோய்கள் தொற்றுநோய்கள் அல்ல. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே வீட்டில் வாழ்வதாலோ பரவமாட்டா. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே பகையென்று கருதித் தாக்குவதால் அழற்சி உண்டாகின்றது. பரம்பரைக் கூறும், குடலில் வாழும் நுண்ணுயிர்களும், வாழ்க்கைச் சூழலும் இதில் சேர்ந்து செயல்படுகின்றன.

இந்நோய் ஒரே சீராக இருப்பதில்லை என்பதை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். சில மாதங்கள் அடங்கியிருக்கும். பின்னர் திடீரெனக் கிளர்ந்தெழும். சிலருக்குக் குடலில் அழற்சி இருந்தும் வெளியே குறி தெரியாது. வேறு சிலருக்கு அழற்சி ஆறிய பின்னரும் வயிற்றுப்போக்கும் வலியும் நீடிக்கும். ஆகவே ‘இன்று நலமாக இருக்கிறேன்’ என்ற ஒரு நாள் உணர்வை மட்டும் வைத்து நோயை அளந்துவிட முடியாது.

படைவீரருக்குத் தனிக் கவனம் ஏன்?

படைப்பணிதான் இந்த அழற்சி நோயைத் தருகின்றது என்று கூறிவிட முடியாது. எனினும் முன்னாள் படைவீரரிடத்தில் இந்நோயைக் கண்காணிப்பது கடினமாவதற்கு நான்கு காரணங்கள் உள.

முதலாவது, போர்முனையில் ஏற்படும் குடல் தொற்று. அயல்நாட்டில் கூடாரமடித்துத் தங்கும் வீரர்களை வயிற்றுப்போக்கு எளிதில் பற்றும். தொற்று தீர்ந்த பின்னரும் சிலருக்குக் குடலின் இயக்கம் பல்லாண்டுகள் சீர்கெட்டே இருக்கும். புண்ணோ அழற்சியோ இல்லாத இந்நிலையை எரிச்சல் குடல் என்பர். 1990-91 வளைகுடாப் போரில் பணியாற்றித் திரும்பிய அமெரிக்க வீரர் பலர் இத்தகைய தொல்லையைக் கூறினர். அவ்வட்டாரத்தில் பணிபுரிந்தவர்களுக்கு வரும் இத்தகைய குடல் இயக்கக் கோளாறுகளைப் பணியோடு தொடர்புடையனவாகவே அந்நாட்டு முன்னாள் படைவீரர் துறை ஏற்றுக்கொள்கின்றது. எரிச்சல் குடலும் குடல் அழற்சியும் வேறு வேறு. ஆயினும் ஒருவருக்கே இரண்டும் இருக்கக்கூடும். எந்த வயிற்றுப்போக்கு எதனால் வந்தது என்று பிரித்தறிய நாள்தோறும் எழுதி வைத்த குறிப்பு வேண்டும்.

இரண்டாவது, வலி மாத்திரை. சுமை தூக்கி நெடுந்தொலைவு நடந்தவர்க்கு முதுமையில் முதுகும் முழங்காலும் வலிக்கும். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பார்கள். இவை குடலின் உட்சுவரைப் புண்படுத்தக் கூடியவை. சிலருக்கு அடங்கியிருந்த நோயைக் கிளப்பியும் விடும்.

மூன்றாவது, மனக்காயம். போரில் கண்ட கொடுமைகள் உறக்கத்தைக் கெடுக்கும். அச்சத்தையும் சோர்வையும் வளர்க்கும். மனத்திற்கும் குடலுக்கும் நரம்புவழித் தொடர்பு உண்டு. மனம் வாடினால் வயிறு வாடும். வயிறு நோக மனமும் நோகும்.

நான்காவது, பொறுத்துக்கொள்ளும் பழக்கம். வலியை வெளிக்காட்டாமல் கடமையைச் செய் என்பதே படையில் கற்ற பாடம். போர்க்களத்தில் அது வீரம். மருத்துவர் முன்னிலையில் அதுவே நோய்க்குத் துணையாகிவிடுகின்றது.

தொண்ணூறு நாளும் பத்து நிமிடமும்

ஒரு முன்னாள் படைவீரரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இவர் பாடத்திற்காக நாம் படைத்துக்கொண்டவர். இருபத்தோராண்டு படையில் பணியாற்றி ஓய்வு பெற்றார். இப்போது செம்பனைத் தோட்டமொன்றில் காவலராக இருக்கிறார். வயது அறுபதை நெருங்குகின்றது. ஆறாண்டுகளுக்கு முன் அவருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பது தெரிந்தது. மெசலசீன் என்னும் மாத்திரையை உண்டு வருகிறார். பட்டணத்து மருத்துவமனையில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவருக்குச் சந்திப்பு.

சந்திப்பு நாளன்று மருத்துவர் கேட்கிறார்: “வயிறு எப்படி இருக்கிறது, ஐயா?”

“நன்றாக இருக்கிறது, டாக்டர்.”

அவர் பொய் சொல்லவில்லை. அன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன் ஐந்து வாரம் மலத்தில் இரத்தம் போனதை அவர் கூறவில்லை. கூறுவதற்குக் கூச்சம். ‘மூலமாக இருக்கும்’ என்ற ஆறுதல் வேறு. பக்கத்தில் ஒரு பெண் தாதி நின்றுகொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் சந்திப்பு முடிந்தது. அதே மருந்தை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டனர்.

தொண்ணூறு நாளில் மருத்துவர் அவரைக் கண்டது பத்து நிமிடமே. எஞ்சிய நேரமெல்லாம் நோயைக் கண்டவர் அவர் ஒருவரே. கண்டவர் சொல்லாவிடில் காணாதவர் எவ்வாறு அறிவார்? படைமுகாமில் இரவுக் காவலர் தாம் கண்டதைப் பதிவேட்டில் எழுதி, காலையில் அதிகாரியிடம் ஒப்படைப்பார் அல்லவா? இங்கேயும் அதுவே தேவை. காவல் காக்கத் தெரிந்தவர்க்கு அந்தக் காவலைத் தம் உடலுக்கும் வைப்பது அரிய செயலன்று.

காவல் பதிவேடு எழுதும் முறை

ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் போதும். இரவு படுக்கைக்குச் செல்லுமுன் இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பின்வருவனவற்றை எழுத வேண்டும்.

1. இன்று எத்தனை முறை மலம் கழிந்தது? நோய் அடங்கியிருக்கும் காலத்தில் தமக்கு வழக்கம் எத்தனை என்பதை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒன்று வழக்கம். மற்றொருவருக்கு மூன்று வழக்கம். அவரவர் வழக்கமே அவரவர்க்கு அளவுகோல்.

2. இரத்தம் இருந்ததா?

3. உறக்கத்தினின்று எழுந்து மலம் கழிக்க நேர்ந்ததா? அடக்க முடியாத அவசரம் ஏற்பட்டதா?

4. வலியோ காய்ச்சலோ இருந்ததா?

5. மருந்தை உட்கொண்டேனா? விட்டுப்போயிற்றா? வேறு மாத்திரை ஏதேனும் உண்டேனா?

6. வாரத்திற்கு ஒருமுறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பார்த்தேனா?

முதல் இரண்டிற்கும் எண் மதிப்பு இடலாம். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 1987இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய முறை இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. மலம் கழிந்த எண்ணிக்கை வழக்கம்போல் இருந்தால் 0. வழக்கத்தைவிட 1 அல்லது 2 முறை மிகுந்தால் 1. 3 அல்லது 4 முறை மிகுந்தால் 2. 5 முறைக்கு மேலோ 5 முறையோ மிகுந்தால் 3. இரத்தம் இல்லையெனில் 0. சில வேளைகளில் கீற்றுப்போல் தெரிந்தால் 1. பெரும்பாலான வேளைகளில் தெளிவாகத் தெரிந்தால் 2. இரத்தம் மட்டுமே கழிந்தால் 3. இரண்டையும் கூட்டினால் அன்றைய மதிப்பு கிடைக்கும். இம்மதிப்பு பெருங்குடல் புண் அழற்சிக்கு உரியது. கிரோன் நோயுடையவர் மலத்தின் எண்ணிக்கையோடு வயிற்று வலியின் கடுமையையும் சேர்த்து எழுத வேண்டும்.

நம் காவலர் தம் ஏட்டைத் தொடங்கினார் என்று கொள்வோம். அவர் வழக்கம் நாளொன்றுக்கு 2 முறை. முதல் வாரம் 2 முறை, இரத்தமில்லை: மதிப்பு 0. எடை 66 கிலோகிராம். மூன்றாம் வாரம் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நான்கு நாள் உண்டதாக எழுதியிருக்கிறார். அவ்வார இறுதியில் 4 முறை, இரத்தமில்லை: மதிப்பு 1. நான்காம் வாரம் 5 முறை, இரத்தக் கீற்று: 2உம் 1உம் சேர்ந்து மதிப்பு 3. இரவில் இருமுறை எழுந்தார். எடை 64.

ஒரு பக்கத்தில் எழுதிய இந்தச் சில எண்களில் கதை முழுவதும் அடங்கிவிட்டது. நோய் எப்போது திரும்பியது, எதன் பின் திரும்பியது, எவ்வளவு விரைவாக வளர்கின்றது என்பதை மருத்துவர் ஒரே பார்வையில் அறியலாம். நினைவிலிருந்து சொல்லும்போது இவ்வளவு தெளிவு வாராது.

மூன்று நிற விளக்குகள்

எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைக் கண்டு செயல்படவும் வேண்டும். எந்த அளவில் யாரை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் வகுத்துத் தருவார். பொதுவான வழிகாட்டியாகச் சாலை விளக்குகளை நினைவில் கொள்ளலாம்.

பச்சை விளக்கு: மதிப்பு 0 அல்லது 1; இரத்தமில்லை; இரவில் எழுவதில்லை; எடை குறையவில்லை. மருந்தைத் தொடர்க, ஏட்டையும் தொடர்க. நலமாக இருக்கின்றோம் என்று மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு வழி திறந்துவிடும் செயலாகும்.

மஞ்சள் விளக்கு: மதிப்பு 2 அல்லது அதற்கு மேல் மூன்று நாள் நீடித்தல், நின்றிருந்த இரத்தம் மீண்டும் காணுதல், இரவில் எழ நேர்தல், காரணமின்றி எடை குறைதல், மூட்டு வீக்கம், கண் சிவந்து வலித்தல், மருந்து தீர்ந்துபோதல். அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திராமல், ஓரிரு நாளில் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு ஏட்டுடன் செல்ல வேண்டும்.

சிவப்பு விளக்கு: 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களான டுரூலவ், விட்ஸ் ஆகியோர் கடும் தாக்குதலை அடையாளம் காணும் முறையை வகுத்தனர். ஒரு நாளில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட முறை இரத்தத்துடன் மலம் கழிந்து, அதனுடன் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 90க்கு மேலோ, உடல் வெப்பம் 37.8 பாகை செல்சியஸுக்கு மேலோ இருந்தால், அது அன்றே மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை. வயிறு உப்பிக் கடுமையாக வலித்து, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியாமலிருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். ஐசன்ஹோவருக்கு நேர்ந்தது இதுவே. மயக்கம், மிகுந்த இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியனவும் சிவப்பு விளக்குகளே. நோய் கிளர்ந்தெழும் காலத்தில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுவதால் கடைசி இரண்டையும் சேர்த்தோம். இவற்றுள் எது கண்டாலும் 999 எண்ணை அழைக்கத் தயங்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை: கடும் தாக்குதலின்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக உண்ணலாகாது. போக்கு நின்றதுபோல் தோன்றும்; உள்ளே பெருங்குடல் அபாயகரமாக விரிந்துவிடக்கூடும்.

சோதனைச்சாலை சொல்வது

குறி வேறு, அழற்சி வேறு என்று முன்னர்க் கூறினோம். ஆகவே குறிப்பேட்டிற்குத் துணையாகச் சில சோதனைகள் வேண்டும். இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் அளவு இரத்தச்சோகையைக் காட்டும். சி-ரியாக்டிவ் புரோட்டின் உடலில் எங்கோ அழற்சி உண்டென்று உணர்த்தும்.

மலச் சோதனையில் கல்புரோடெக்டின் என்ற புரதத்தை அளப்பார்கள். குடற்சுவரில் அழற்சி ஏற்படும்போது வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. அவற்றிலுள்ள இப்புரதம் மலத்துடன் வெளியேறுகின்றது. பொதுவாக ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் குடலில் அழற்சி இருக்கும் வாய்ப்புக் குறைவு. 250க்கு மேலிருந்தால் நோய் கிளர்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. இடைப்பட்ட அளவாயின் மீண்டும் சோதிக்க நேரும். முன்சொன்ன வலி மாத்திரைகளும் கிருமித் தொற்றும் இவ்வளவைக் கூட்டக் கூடும். சோதனை கொடுக்கும்போது அவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எரிச்சல் குடலால் வந்த போக்கா, அழற்சியால் வந்த போக்கா என்று பிரித்தறிய இச்சோதனை பெரிதும் உதவும். இது எல்லாச் சிறு நிலையங்களிலும் கிடைப்பதன்று. தேவையெனில் மருத்துவர் ஏற்பாடு செய்வார்.

பெருங்குடலில் பரவலான அழற்சி இருந்து எட்டாண்டுகள் ஆகிவிட்டால் குடற்புற்று ஏற்படும் வாய்ப்பும் கூடுகின்றது. அப்போது முதல், நலமாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் காலத்தில் குழாய்க் கருவி கொண்டு குடலின் உட்புறத்தைச் சோதித்துக்கொள்வது கட்டாயமாகும். நோய் தொடங்கிய ஆண்டை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைப்பது இதற்காகவே.

மருந்துக்கும் காவல் வேண்டும்

நோயைக் காப்பதுபோல் மருந்தையும் காக்க வேண்டும். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் விரைந்து அழற்சியை அடக்கும். ஆனால் நெடுநாள் உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். அவற்றைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அசத்தியோபிரின் உண்பவர்க்கு இரத்த அணுக்களையும் கல்லீரலையும் காலந்தோறும் சோதிக்க வேண்டும். இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகளைத் தொடங்குமுன் காசநோயும் கல்லீரல் அழற்சி ‘பி’ கிருமியும் மறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சலன்று. அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தடுப்பூசி போடுமுன்னும் தாம் உண்ணும் மருந்தின் பெயரைக் கூற வேண்டும்.

மூட்டு வலிக்குப் பாராசிட்டமோல் பெரும்பாலும் தீங்கற்றது. புகைபிடித்தல் கிரோன் நோயை மேலும் கொடிதாக்கும். அதனை விட்டொழிப்பதும் ஒரு மருந்தே.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை சுமார் 170 மருத்துவ மையங்களை நடத்துகின்றது. 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் பதிந்துள்ளனர். அந்நாட்டு முன்னாள் படைவீரருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நாட்டுப்புறத்தில் வாழ்கின்றார். இவர்கள் மருத்துவ மையத்திற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது. 2003இல் வீட்டிலிருந்தபடி உடல்நிலையைத் தெரிவிக்கும் தொலைமருத்துவத் திட்டத்தை அத்துறை நாடு முழுவதும் தொடங்கியது. வீட்டில் வைத்த சிறு கருவி நாள்தோறும் சில கேள்விகளைக் கேட்கும். விடைகளை ஒரு தாதி தொலைவிலிருந்து பார்ப்பார். மாற்றம் தெரிந்தால் உடனே அழைப்பார். 2008இல் வெளியான அறிக்கைப்படி, 17,025 பேரைக் கவனித்ததில் மருத்துவமனையில் சேர்ந்த எண்ணிக்கை 19 விழுக்காடும், படுக்கையில் கழித்த நாள்கள் 25 விழுக்காடும் குறைந்தன. இவர்களிடம் கண்காணித்தவை நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் போன்ற பிற நாட்பட்ட நோய்கள். ஆயினும் முறை ஒன்றே.

குடல் அழற்சிக்கென்றே செய்த ஆய்வுகளும் உள. நெதர்லாந்தில் 909 நோயாளிகளிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொலைவிலிருந்து கண்காணிக்கப்பட்டவர்கள் மருத்துவரிடம் நேரில் செல்வதும் மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தன. அமெரிக்காவில் 348 நோயாளிகளிடம் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழி நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வோ, மருத்துவமனையில் சேர்வது குறைந்தாலும், நோயின் கடுமை வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடக் குறைந்துவிடவில்லை என்று காட்டியது. இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. கண்காணிப்பு என்பது மருந்தன்று. தக்க காலத்தில் மருந்து வந்து சேர வழி செய்யும் தூதுவனே அது. தூது வந்தும் அசையாதவருக்குப் பயனில்லை.

நம் தோட்டங்களில்

‘இது வெள்ளைக்காரர் நோய், நமக்கென்ன?’ என்று சிலர் எண்ணலாம். அவ்வாறு எண்ணுவது தவறு. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், குடல் அழற்சி நோய் மேற்கு நாடுகளைவிடக் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் நம் நாட்டின் மூவினத்தாருள் அது இந்தியரிடையே மிகுந்திருந்தது. ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கு வரக்கூடிய நோயேயாகும்.

நம் நாட்டிலும் முன்னாள் படைவீரர் பலர் உளர். 1989இல் முடிவுற்ற ஆயுதக் கிளர்ச்சியின்போது காட்டில் ரோந்து சென்றோர், சோமாலியா, போஸ்னியா, லெபனான் ஆகிய நாடுகளில் அமைதி காத்தோர் என அவர்கள் பலவகையினர். பணி முடித்து அமைதியாக வாழும் அவர்கள் தம் நோயைப் பேச முன்வருவது அரிது.

இங்கே இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டவுடன் ‘மூலம்’ என்று தாமே முடிவு கட்டலாகாது. சீதபேதி, குடற் காசநோய், குடற்புற்று, குடல் அழற்சி ஆகிய அனைத்தும் ஒரே முகமூடி அணிந்து வரும். குடற் காசநோய் கிரோன் நோய் போலவே தோன்றுவதுண்டு. கிரோன் நோய்க்குரிய மருந்து காசநோயைப் பெருக்கிவிடக்கூடும். எனவே நாட்டு மருந்தை நாடுமுன் முறையான சோதனை தேவை.

குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. தந்தை அடிக்கடி கழிவறைக்குச் சென்றால் கேலி பேசாதீர்கள். விருந்துக்கு வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சந்திப்பு நாளில் பிள்ளைகளுள் ஒருவர் உடன் செல்லலாம். எழுதத் தயங்குவாருக்குப் பேரப்பிள்ளைகள் ஏட்டை எழுதிக்கொடுக்கலாம். தோட்ட நிர்வாகத்தினரும், வேலையிடத்திற்கு அருகே கழிவறை கிடைக்குமாறு பணியை மாற்றித் தந்தால் ஒரு நல்ல தொழிலாளியை இழக்க நேராது.

நம் காவலரிடம் மீண்டும் வருவோம். நான்காம் வாரத்தில் மஞ்சள் விளக்கு எரிவதை அவர் மனைவிதான் முதலில் கண்டார். “ஏங்க, ஏட்டிலே மூன்று நாளாக 3 என்றே இருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கப் போகிறீர்களா?” என்றார். மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். அந்த வாரமே வரச் சொன்னார்கள். ஏட்டைப் புரட்டிய மருத்துவர் முழங்கால் மாத்திரை எழுதிய வரியில் விரல் வைத்து நிறுத்தினார். அம்மாத்திரை நிறுத்தப்பட்டது, மலச் சோதனை செய்யப்பட்டது, குடல் மருந்தின் அளவு கூட்டப்பட்டது. ஆறு வாரத்தில் மதிப்பு மீண்டும் 0 ஆயிற்று. அவர் மருத்துவமனைப் படுக்கையைக் காணவில்லை. ஒரு மாதச் சம்பளத்தையும் இழக்கவில்லை. கூச்சத்தால் வாய் சொல்லாததை ஏடு சொல்லிற்று.

எல்லார்க்கும் இவ்வாறே முடியும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் காலத்தே அறிவிக்கப்பட்ட நோய்க்கு வழிகள் பல; மறைக்கப்பட்ட நோய்க்கு வழிகள் சில. வெள்ளம் வருமுன் அணை போடுவோமாக.

மீள்பார்வை வினாக்கள்

1. எரிச்சல் குடலுக்கும் குடல் அழற்சி நோய்க்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஒருவரின் வழக்கம் நாளொன்றுக்கு 1 முறை. இன்று 4 முறை மலம் கழிந்தது. பெரும்பாலான வேளைகளில் இரத்தம் தெளிவாகத் தெரிந்தது. இன்றைய மதிப்பு என்ன? இது மூன்று நாள் நீடித்தால் என்ன செய்ய வேண்டும்?

3. சிவப்பு விளக்கு நிலைகள் நான்கினைக் கூறுக.

4. முழங்கால் வலிக்குத் தாமாக மாத்திரை வாங்கி உண்பது குடல் நோயாளிக்கு ஏன் தீங்கானது?

5. உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் நாட்பட்ட நோய் உண்டா? இன்றிரவே அவருக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்து, முதற்பக்கத்தை அவருடன் சேர்ந்து எழுதுக.

(இரண்டாம் வினாவிற்கு விடை: எண்ணிக்கைக்கு 2, இரத்தத்திற்கு 2, ஆக 4. மஞ்சள் விளக்கு, இரத்தம் கண்டதால் மூன்று நாள்கூடக் காத்திராமல் மருத்துவமனையை அழைத்தல் வேண்டும்.)